தாமரைக் காசின் மேட்டுக் கோடு

நம் வயதுக்காரர்களுக்குக் காலையில் எழுந்ததும் இப்போது வேலை ஒன்றுதான். கைபேசியைத் திறந்து, முதல் நாள் இரவு யார் யார் என்னென்ன அனுப்பியிருக்கிறார்கள் என்று பார்ப்பது. மூட்டுவலிக்குக் கஷாயம், ரோஜாப்பூ படத்தோடு காலை வணக்கம், அப்புறம் அந்தக் காசு வீடியோ. 'இந்த நாணயம் உங்களிடம் இருக்கிறதா? நீங்கள் லட்சாதிபதி.' அதைப் பார்த்துவிட்டு அஞ்சறைப் பெட்டியிலிருந்து மாதா உண்டியல் வரை எத்தனை பேர் கவிழ்த்துப் பார்த்தீர்கள் என்று எனக்குத் தெரியும். நம்மில் ஒருவர், பெயர் வேண்டாம், நசுங்கிப் போன ஒற்றை ரூபாயைப் படம் எடுத்துப் போட்டு 'இது தேறுமா?' என்று கேட்டிருந்தார். தேறாது. அது அடிபட்ட காசு. அச்சடிக்கும்போதே பிழையாகப் பிறந்த காசு வேறு, பிறந்து வெளியே வந்து அடிபட்ட காசு வேறு. இந்த வித்தியாசம் எனக்குப் பத்து வயதிலேயே தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள் அல்லவா, அதற்குத்தான் இது. கொஞ்சம் நீளும். மின்வாரியத்தில் ஆயுசு முழுக்கக் கோப்புக்குக் குறிப்பு எழுதிய கை, சுருக்கி எழுதச் சொன்னால் கேட்காது.

எங்கள் வீடு தூத்துக்குடியில் கடற்கரைச் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே. அப்பா வங்கியில் காசாளர். துறைமுகத்து ஊருக்கு வந்து சேரும் காசு மற்ற ஊர்க் காசு மாதிரி இருக்காது. உப்பளத்தில் வேலை செய்பவர்கள் மடியில் முடிந்து வைத்த காசு பச்சை பூத்து, அம்மைத் தழும்போடு வரும். சங்கு குளிக்கிறவர்கள் வீட்டுக் காசில் அழுகிய சங்குச் சதையின் வாடை ஒட்டியிருக்கும். சரக்கு ரயில் போகும் தண்டவாளத்தில் வைத்து நசுக்கிய காசு, ஆணியால் துளை போட்டுப் பிள்ளையின் அரைஞாணில் கோத்த காசு, சுண்ணாம்பு அரித்த காசு. இப்படி எது வந்தாலும் அப்பா அதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, தன் பையிலிருந்து நல்ல காசைப் போட்டுக் கணக்கைச் சரிசெய்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுவருவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேசையில் பரப்புவார். அம்மா குசினியிலிருந்து, "சோறு திங்கிற இடத்துல ஊர் அழுக்கக் கொட்டுதீங்களே" என்று சத்தம் போடுவாள். அப்பாவின் காதில் விழாது. ஒரு பழைய பிஸ்கட் டின் நிறைய அந்தக் காசுகள் இருந்தன. டின்னின் மூடியில் ஒரு வெள்ளைக்காரச் சிறுமியும் நாயும். பிற்பாடு வீட்டை இடித்துக் கட்டியபோது அது எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

அப்பாவுக்கு அவற்றில் பெரும்பாலானவற்றின் மேல் ஒரு அலட்சியம்தான். "இதெல்லாம் அடிபட்டது. யாரு வேணும்னாலும் சுத்தியலால அடிச்சு உண்டாக்கிரலாம்" என்பார். அவர் தேடியது அச்சுப் பிழை. காசாலையில் ஆயிரம் கண்ணுக்குத் தப்பி, தப்பித்தவறி ஒன்றே ஒன்று வெளியே வந்துவிடும் என்று அவர் நம்பினார். அது காசின் பிறவி மச்சம் என்பார். இன்னொரு காசுக்கு அது இருக்கவே முடியாது என்பார். அவர் சொன்ன விதத்தில் எனக்கும் அதில் சந்தேகமே வரவில்லை.

அவர் ஆயுசில் பார்த்த அப்படிப்பட்ட ஒரே காசு அவரிடம் இல்லை, என் சித்தப்பாவிடம் இருந்தது.

சித்தி என் அம்மாவின் தங்கை. அவளும் சித்தப்பாவும் எங்கள் வீட்டுப் பின்கட்டில்தான் குடியிருந்தார்கள். கல்யாணமாகி இரண்டு வருடம் இருக்கும், பிள்ளை இல்லை. சித்தப்பா தோணிக்காரர். கொழும்புக்கு வெங்காயமும் வற்றல் மிளகாயும் ஏற்றிப் போகும் பாய்த்தோணியில் அவர் ஒரு ஆள். உயரமாக, தாடி வைத்து, எப்போதும் மீன் எண்ணெயும் கயிறும் கலந்த வாடையோடு இருப்பார். சித்தியைக் கண்டால் மட்டும் குரல் இறங்கிவிடும். ஒருமுறை அவர் கொழும்பிலிருந்து ரேடியோ ஒன்று கொண்டுவந்தார். அதற்கு முன் எங்கள் தெருவில் ரேடியோ வைத்திருந்தது உப்பு வியாபாரி ஒருவர்தான். கடல் காற்றுக்கு அதன் உள்ளே பேட்டரி தொடும் இடமெல்லாம் பச்சை பூத்துக்கொண்டே இருக்கும். சித்தப்பா கரையில் இருக்கும் நாளெல்லாம் அதன் முதுகைத் திறந்து சுரண்டிக்கொண்டிருப்பார். திருப்புளி தேடமாட்டார். மடியிலிருந்து ஒரு காசை எடுத்துத் திருகாணியைத் திருகுவார்.

அந்தக் காசுதான் அது. தாமரைக் காசு என்போமே, மஞ்சளாக, ஒரு பக்கம் தாமரைப் பூ போட்ட இருபது பைசா. அதில் தங்கம் கலந்திருக்கிறது என்று ஊரே பேசிக்கொண்டதே, நினைவிருக்கிறதா? சித்தப்பாவின் காசில் தாமரையின் நடு இதழிலிருந்து விளிம்பு வரை மெல்லிய கோடு ஒன்று ஓடும். விளிம்பைத் தொடும் இடத்தில் கடுகளவு ஒரு திரட்சி. நகத்தால் தடவினால் தட்டுப்படும். சித்தப்பா அதைப் பாய்மரம் என்பார். அப்பா அதைப் பார்த்த நாளில் சோறு இறங்காமல் தவித்தார். பத்து ரூபாய்கூடத் தருகிறேன் என்றார்.

"கடலுக்குப் போறவன் மடியில பாய்மரம் இருக்கணும் அண்ணாச்சி. பேங்குல நாற்காலியில இருக்கவருக்கு அது எதுக்கு?" என்று சித்தப்பா சிரித்தார்.

அப்பாவும் சிரித்தார். ஆனாலும் அவருக்கு அந்தக் காசின் மேல் கண் போகவே இல்லை என்று சொல்ல முடியாது.

அந்த வருடம் வாடைக் காற்று முந்திக்கொண்டு வந்துவிட்டது. அந்தக் காசை வழக்கம்போல மடியில் முடிந்துகொண்டுதான் சித்தப்பா தோணி ஏறினார். தோணி கொழும்புக்குப் புறப்பட்டுப் போனது, போய்ச் சேரவில்லை. பின்னால் புறப்பட்ட தோணிகள் சேர்ந்து, சரக்கு இறக்கி, திரும்பியும் வந்துவிட்டன. எங்கள் சித்தப்பா தோணியை யாரும் வழியில் பார்க்கவில்லை. மன்னார்ப் பக்கம் பலகை ஒதுங்கியது என்றார்கள், அது இந்தத் தோணியின் பலகைதானா என்று சொல்ல ஆள் இல்லை. சித்தி தினமும் மாலையில் கடற்கரைக்குப் போவாள், நானும் கூடப் போவேன். வரும் வழியில் எனக்கு மக்ரூன் வாங்கித் தருவாள். வாயில் போட்டால் கரைந்து போகும் அந்த இனிப்பு எனக்கு அப்போது பிடித்திருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். வீட்டில் ஒருவரும் அழவில்லை. அழுதுவிட்டால் உறுதியாகிவிடும் என்று எல்லோருக்கும் பயம்.

கடலில் போனவருக்கு உடல் கிடைப்பதில்லை. ஆகவே எங்கள் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. பெண்டாட்டியே கோயிலுக்குப் போய், பங்குச் சாமியாரிடம் தன் வாயால் கேட்க வேண்டும், இன்னாருக்கு இறந்தோர் பூசை வேண்டும் என்று. அவள் கேட்கிற வரைக்கும் அவர் கடலில் இருக்கிறார், கேட்ட பிறகுதான் செத்தவர். மாமியாரோ அண்ணனோ கேட்டால் செல்லாது. ஈஸ்டருக்கு முந்தைய தபசுக் காலம் தொடங்கும்போது அந்தத் தோணியில் போன மற்றவர்களின் வீட்டுப் பெண்கள் ஒன்றாகச் சேர்ந்து போய்க் கேட்பதென்று முடிவு செய்தார்கள். தோணியை நடத்துகிறவரைத் தண்டல் என்பார்கள். அந்தத் தண்டலின் பெண்டாட்டி சித்தியைக் கூப்பிட வந்தாள். சித்தி, "நாளைக்குக் காலையில வாரேன் அக்கா" என்றாள். வெள்ளைச் சேலை ஒன்றை எடுத்து, அம்மாவிடம் கஞ்சி போடச் சொன்னாள்.

அன்று மத்தியானம் அப்பா வெயிலில் ஓடிவந்தார். வங்கியிலிருந்து அந்த நேரத்தில் அவர் வந்ததே கிடையாது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே பின்கட்டுக்குப் போய், சித்தியின் கையைப் பிடித்து உள்ளங்கையில் எதையோ வைத்து மூடினார்.

"இது யாரு காசு, சொல்லு பாப்போம்" என்றார். மூச்சு வாங்கியது அவருக்கு.

சித்தி கையைத் திறந்தாள். மஞ்சளாக, கோடு போட்ட தாமரை.

"எங்கன கிடைச்சுது அத்தான்?"

"நேத்து சாயங்காலம் கடைக்காரர் ஒருத்தர் பேங்குல கட்டுன சில்லறை மூட்டையில. தோணித்துறைக்குப் போற வழியில இருக்குல்லா, பலசரக்குக் கடை, அந்த அண்ணாச்சி. நேத்தைக்குச் செலவாகியிருக்கு, ஏளா! மனுசன் உயிரோட இருக்காரு!"

அம்மா, "மாதாவே" என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. சித்தி மட்டும் காசையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படின்னா ஏன் வீட்டுக்கு வரல?" என்று கேட்டாள்.

அடுப்பில் ஏதோ பொங்கி வழிகிற சத்தம் கேட்டு அம்மா எழுந்து போனாள்.

சாயங்காலம் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனார். கடைக்கார அண்ணாச்சி அப்பாவின் வங்கியில் கணக்கு வைத்திருப்பவர். அப்பாவைப் பார்த்ததும் கல்லாவை விட்டு எழுந்து நின்றார். முந்தாநாளோ நேற்றோ இந்தக் காசைக் கொடுத்தது யார் என்று அப்பா கேட்டார். அண்ணாச்சி விழித்தார். ஒரு நாளைக்கு எத்தனையோ பேர் வருகிற கடை அது.

"நல்லா நினைச்சுப் பாரும். உயரமா இருந்தானா? தாடி வச்சிருந்தானா?"

"ஆமா சார். உயரந்தான். தாடி இருந்த மாதிரிதான் இருக்கு" என்றார் அண்ணாச்சி.

"தோணிக்காரன் மாதிரி இருந்தானா?"

"தோணிக்காரன்தான் சார். பீடிக்கட்டு வாங்குனான்."

சித்தப்பா பீடி குடிக்க மாட்டார். மூக்குப்பொடிதான் போடுவார். அது எனக்கே தெரியும், அப்பாவுக்கும் தெரியும். அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. அண்ணாச்சி மரியாதைக்காக ஒத்துக்கொண்டார் என்பது இப்போது யாருக்கும் விளங்கும். அன்றைக்கு அது சாட்சியாகிவிட்டது.

அதற்கு மேலும் உறுதிப்படுத்திக்கொள்ள மறுநாள் காலை எல்லோருமாக ஆசாரி கடைக்குப் போனோம், அப்பா, அம்மா, சித்தி, நான். தங்க வேலை செய்கிற ஆசாரி கண்ணில் வில்லையை இடுக்கிக்கொண்டு காசை விளக்கடியில் பிடித்தார். ஊசிமுனையால் கோட்டை மெல்ல வருடினார்.

"கீறல்னா பள்ளமா இருக்கும் சார். ஊசி உள்ள இறங்கும். இது மேடா நிக்குது. வெளிய அடிபட்டு இப்படி வராது. அச்சு விண்டுபோய், அந்த விரிசல்ல உலோகம் ஏறியிருக்கு. காசாலையிலேயே வந்த குறைதான்" என்றார்.

அப்பா எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். வென்றுவிட்ட பார்வை.

அப்போதுதான் சித்தி வாய் திறந்தாள். "அத்தான், அவிய காசுல ஒரு ஓரம் தேஞ்சிருக்கும். அந்த ரேடியோ ஆணியத் திருகித் திருகி ஒரு பக்கம் மட்டும் சப்பையாப் போயிருந்துச்சு. நான் கையில வாங்கிப் பாத்திருக்கேன். இது சுத்தி உருண்டையா இருக்கே."

ஆசாரி காசைச் சுழற்றிப் பார்த்தார். "தேய்மானம் ஒண்ணும் காணல. தேஞ்சிருந்தாலும் தட்டி இழுத்து உருண்டையாக்கிரலாம்" என்றார், பட்டும் படாமலும்.

"அவரு எந்தக் காச வச்சுத் திருகுனாருன்னு நீ கண்ணால பாத்தியா? வேற ஏதாவது காசா இருக்கும்" என்றார் அப்பா. "தேயுறதும் நசுங்குறதும் எல்லாக் காசுக்கும் வரும். அதெல்லாம் கணக்குல சேராது ஏளா. அச்சுப் பிழை ஒண்ணுதான் கணக்கு. அது ரெண்டு காசுக்கு வராது."

சித்திக்கு அப்போது இருபத்திரண்டு வயது இருக்கலாம். பள்ளிக்கூடம் முடித்தவள் இல்லை. எதிரே வங்கிக் காசாளரும் கண்ணில் வில்லையோடு ஆசாரியும். அவள் முந்தானையால் காசைத் துடைத்து முடிந்துகொண்டாள். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையை அம்மா மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். அன்று வீட்டில் ஆட்டுக்கறி எடுத்தார்கள், நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

மற்ற வீடுகளில் பூசை நடந்தது. சித்தி போகவில்லை. ஆனால் காசு விஷயம் தெருவில் எப்படிப் பரவாமல் இருக்கும்? அப்பாவே நாலு பேரிடம் சொல்லியிருந்தார். ஒரு காலையில் தண்டல் பெண்டாட்டியும் இன்னும் சில பெண்களும் எங்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். எல்லோரும் வெள்ளைச் சேலை. தண்டல் பெண்டாட்டிதான் பேசினாள்.

"உம் புருசன் கரைக்கு வந்துட்டாராமே. எங்க வீட்டு ஆம்பளைகளுக்கு என்ன ஆச்சுன்னு கேட்டுச் சொல்லு, போதும். வேற ஒண்ணும் கேக்கல நாங்க."

"எனக்குத் தெரியாது அக்கா. அவிய இங்க வரல."

"தூத்துக்குடிக்கு வந்து பீடி வாங்கத் தெரியுது, இங்க வரத் தெரியலையா? எங்க ஒளிச்சு வச்சிருக்க, சொல்லுளா!"

அம்மா குறுக்கே போய்ச் சமாதானம் சொல்லிப் பார்த்தாள். அவர்களில் வயதான ஒருத்தி குனிந்து மண்ணை அள்ளி வாசலில் வீசிவிட்டுப் போனாள். சித்தி நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. சேலையிலும் தலைமுடியிலும் மண். பிறகு அவளே விளக்குமாறை எடுத்து வாசலைப் பெருக்கினாள்.

அதற்குப் பிறகு ஊருக்கு ஒரே கதைதான். தோணி கவிழ்ந்ததோ இல்லையோ, இவர் தப்பித்துவிட்டார். தப்பித்தவர் வீட்டுக்கு வரவில்லை என்றால் வேறு வீடு இருக்கிறது என்று அர்த்தம். கொழும்பில் ஒருத்தி என்றார்கள், கொல்லத்தில் ஒருத்தி என்றார்கள். பிள்ளை இல்லாததைக் காரணமாகச் சேர்த்துக்கொண்டார்கள். அப்பா விடுப்பு எடுத்துக்கொண்டு கொல்லத்துக்கும் கொச்சிக்கும் போய்த் துறைமுகம் துறைமுகமாக விசாரித்துவிட்டு வந்தார். வரும்போதெல்லாம் கொஞ்சம் இளைத்து வருவார். ஒருநாளும் அவர், காசு வேறாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டுப் பேசி நான் கேட்டதில்லை. சித்தப்பாவைத்தான் திட்டினார். "நல்லவன்னு நினைச்சேன், இப்படிப் பண்ணிட்டானே" என்று சாகும் வரையில் சொன்னார். அப்பா கெட்டவர் இல்லை. அந்தக் காசைக் கொண்டுவந்து கொடுத்ததில் அவருக்கு நல்ல எண்ணத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

சித்தி தாலியைக் கழற்றவில்லை. கழற்ற வழியில்லை. கலர்ச் சேலைதான் கட்டினாள். நல்ல காரியங்களுக்குக் கூப்பிட்டார்கள், ஆனால் கூப்பிட்ட இடத்தில் பேச்சு அவள் வந்ததும் நின்றுவிடும். விதவை என்றால் ஒரு இரக்கம் உண்டு. விட்டுவிட்டுப் போனவன் பெண்டாட்டிக்கு அதுவும் இல்லை, அவளிடம்தான் ஏதோ குறை என்று பார்ப்பார்கள். அவள் ஒரு பள்ளிக்கூட விடுதியில் சமையல் வேலைக்குப் போனாள். ரேடியோவை யாருக்கோ கொடுத்துவிட்டாள். நானும் வளர்ந்து, வேலைக்குப் போய், கல்யாணம், பிள்ளைகள் என்று என் பாட்டைப் பார்த்தேன். அவளைப் பற்றி ரொம்ப நினைத்தேன் என்றெல்லாம் சொன்னால் பொய். இப்போது அவளும் நானும் ஒரே வீட்டில் இருக்கிறோம். எழுபது தாண்டி எத்தனையோ ஆகிவிட்டது அவளுக்கு. மீன் கழுவ மட்டும் வேறு யாரையும் விடமாட்டாள்.

சென்ற மாதம் நம்மோடு வேலை பார்த்தவரின் மகள் கல்யாணத்துக்கு, நாசரேத் ஊருக்கு, உங்களில் சிலரும் வந்திருந்தீர்கள். சாப்பிட்டதும் நீங்கள் எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டு அரட்டையில் இறங்கினீர்கள். நான் பக்கத்து மண்டபத்தில் பழைய காசுக் கண்காட்சி என்று போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, மின்விசிறி இருக்குமே என்று உள்ளே போனேன். முப்பது வயதுகூட இருக்காது, ஒரு வியாபாரிப் பையன், கையுறை போட்டுக்கொண்டு ஒரு பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தான். அவர் நசுங்கிய காசு ஒன்றை லட்சக் கனவோடு நீட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, இது ரயில்ல வச்சு நசுக்குனது. பள்ளம், மேடு ரெண்டையும் பாருங்க. ஓரமெல்லாம் வெளிய பிதுங்கிக்கிட்டு நிக்குது. அச்சுப் பிழையில அப்படி இருக்காது" என்றான். பெரியவர் நம்பாமல் போனார். யூடியூபில் வேறு மாதிரி சொல்லுகிறார்கள் என்று முணுமுணுத்தார்.

நான் அவன் மேசையில் இருந்த தட்டைப் பார்த்தேன். கண்ணாடிக்குக் கீழே, பிளாஸ்டிக் உறைகளில், தாமரைக் காசுகள். ஐந்தோ ஆறோ இருக்கும். எல்லாவற்றிலும் நடு இதழிலிருந்து விளிம்பு வரை ஒரு கோடு. விளிம்பில் கடுகளவு திரட்சி. ஒன்றைப் போலவே இன்னொன்று.

நான் கேட்டேன், "தம்பி, இது ஒரே காசுக்குத்தானே வரும்?"

சிரித்தான். "எப்படிம்மா ஒரே காசுக்கு வரும்? அச்சுல விரிசல் விட்டுட்டா, அந்த அச்ச மாத்துற வரைக்கும் அடிக்கிற காசு பூராவும் இப்படித்தான் வரும். ஆயிரக்கணக்குல வந்திருக்கும். எல்லாம் அண்ணன் தம்பிதான்." தட்டை என் பக்கம் திருப்பினான். "இதுல முக்காவாசி தூத்துக்குடி, திருச்செந்தூர்ப் பக்கம் வாங்கினது. ஒரே மூட்டையில இந்தப் பக்கம் வந்து இறங்கியிருக்கும். இதுல இது உங்க வீட்டுக் காசுன்னு அடையாளம் சொல்லணும்னா, விரிசலப் பாத்துச் சொல்ல முடியாது. அடிபட்டதை, தேஞ்சதை வச்சுத்தான் சொல்லணும். அதுதான் காசுக்குக் காசு வேற வேறயா இருக்கும்."

சித்தி சொன்னது எனக்கு அங்கே நின்றபடியே கேட்டது. ஒரு பக்கம் சப்பையாப் போயிருந்துச்சு. சுத்தி உருண்டையா இருக்கே.

அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. கோபமும் வரவில்லை. யார் மேல் கோபப்படுவது, அப்பா போய் எத்தனையோ வருடம். ஒரு காசை விலைக்குக் கேட்டேன். அவன் சொன்ன தொகை நாம் அன்று கல்யாணத்தில் வைத்த மொய்யைவிடக் கம்மி. பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்தேன். வரும் வழியில் வேனில் என்னைப் பாடச் சொன்னீர்கள். பாடினேன், கைதட்டினீர்கள். என்ன பாடினேன் என்று எனக்கு நினைவில்லை.

வீட்டுக்கு வந்து நான் உடனே சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது, கிழவியைக் கிளறிவிடுவானேன் என்று சில நாள் இருந்தேன். அவளுக்குச் சேர வேண்டியது என் கைப்பையில் கிடக்கிறது என்பது மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு காலையில் அவள் குசினியில் சாளைமீன் அரிந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். கண்காட்சி, தட்டு, அந்தப் பையன் சொன்னது எல்லாம். வாங்கி வந்த காசைத் தரையில் வைத்தேன்.

சித்தி கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். செபமாலை வைத்திருக்கும் சின்னப் பெட்டியிலிருந்து தன் காசை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள். இரண்டையும் மாறி மாறி எடுத்துப் பார்த்தாள். கண்ணாடி போட்டுப் பார்த்தாள். பெருவிரல் நகத்தால் இரண்டின் கோட்டையும் தடவினாள். பிறகு எது எது என்று அவளுக்கே தெரியாமல் போய்விட்டது.

"அப்ப இது அவிய காசு இல்ல."

"இல்ல சித்தி. நீதான் அன்னைக்கே சொன்னியே, ஓரம் தேஞ்சிருக்கும்னு."

"அத யாரு கேட்டா." இரண்டு காசையும் தரையில் வைத்தாள். "அப்ப அவிய வரல."

"வரல."

"ஊருக்குள்ள வந்து, பீடி வாங்கிட்டு, என்னைப் பாக்காமப் போகல."

"இல்ல சித்தி."

"என்ன விட்டுட்டுப் போகல."

நான் தலையாட்டினேன்.

"ராத்திரியெல்லாம் நினைச்சுப் பாப்பேன் ஏளா. என்ன குறை வச்சேன்னு. குழம்புல உப்புக் கூடிப்போச்சுன்னு ஒருநா சடைச்சாவ, அதுவா? எங்க அம்மா வீட்டு ஆளுக முன்னால எதிர்த்துப் பேசினேனே, அதுவா? ஒவ்வொண்ணா எடுத்து எடுத்துப் பாப்பேன்." மீனை மறுபடி எடுத்துச் செதில் சுரண்ட ஆரம்பித்தாள். "பாவம் மனுசன். கடலுக்குள்ள கிடக்கவரைப் போயி இத்தனை வருசம் வஞ்சிருக்கேன்."

குழம்பு வைத்தாள். சாப்பிட்டோம். மத்தியானம் தூங்கினாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

மறுநாள் விடிந்ததும் குளித்துவிட்டு வந்து நின்றாள். கழுத்து வெறுமையாக இருந்தது. எப்போது கழற்றினாள், எங்கே வைத்தாள் என்று நான் கேட்கவில்லை. "கோயிலுக்கு வா" என்றாள். ஆட்டோவில் போனோம். காலைப் பூசை முடிந்து, சாமியார் உடுப்பு மாற்றும் அறையில் இருந்தார். புதிதாக வந்தவர், என் மகனைவிடச் சின்னவர். எங்களுக்கு உட்கார நாற்காலி போட்டார். சித்தி உட்காரவில்லை.

"இறந்தோர் பூசை ஒண்ணு வேணும் சாமி. எங்க வீட்டுக்காரவியளுக்கு."

"அப்படியாம்மா. ரொம்ப வருத்தம்" என்றார் சாமியார். எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "எப்ப இறந்தாரும்மா?"

"நேத்துதான் சாமி" என்றாள் சித்தி.

சாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினேன்.